அப்பா காட்டாத கால்

என் தந்தையார் இறக்கும்போது அவருக்கு ஒரு கால்தான் இருந்தது. மற்றொரு காலை, முழங்காலுக்குக் கீழே, 2014ஆம் ஆண்டு தை மாதத்தில், ஊரெங்கும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது வெட்டி எடுத்தார்கள். வெட்டியவர் மருத்துவர். வெட்ட வைத்தது எது? சர்க்கரை நோய் என்கிறது மருத்துவமனைத் தாள். தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. அது விட்டுவிட்ட மிச்ச உண்மையைச் சொல்லத்தான், தோழர்களே, இதை எழுதுகிறேன்.

அப்பா 1941இல் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா பண்ணையாள், பாட்டனும் பண்ணையாள். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, அது எந்தப் பண்ணைக்கு உழைக்கப் பிறந்தது என்பது முடிவாகிவிட்ட காலம் அது. ஏழு வயதில் மாடு மேய்க்கப் போனார். மிராசுதாரர் எதிரே வந்தால் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்க வேண்டும். தோளில் துண்டு இருக்கக்கூடாது. காலில் செருப்பு இருக்கக்கூடாது. கேட்டால் மட்டுமே பேச வேண்டும். பேசும்போதும் வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். 'சரிங்கய்யா' என்ற ஒரு சொல்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட மொழி. அதைத் தாண்டிப் பேசியவருக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன என்பது கீழத்தஞ்சை மறக்கக்கூடாத வரலாறு.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சங்கங்கள் வளர்ந்தன. அப்பாவும் வளர்ந்தார். கூலியைக் கேட்டு வாங்கினார், செருப்பு அணிந்தார், துண்டைத் தோளில் போட்டார், என்னைப் பள்ளிக்கு அனுப்பி ஆசிரியனாக்கினார். மிராசுதாரரின் திண்ணை முன் நிமிர்ந்துவிட்டவர்தான். ஆனால் மருத்துவரின் மேசை முன் அவர் நிமிரவில்லை! அங்கே போனதும் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். செருப்பை வெளியே விடுவார். விடச் சொல்லி எவரும் கூறவில்லை, ஆனாலும் விடுவார். நாற்காலி கிடந்தாலும் உட்காரமாட்டார்.

2005இல் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மாதம் ஒரு முறை பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டுவோம். ஊர்ப்பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். அவர் ஒருவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. காலை ஏழு மணிப் பேருந்தில் போய்ச் சீட்டு வாங்கினால், பகல் ஒரு மணிக்கு எங்கள் எண்ணைக் கூப்பிடுவார்கள். உள்ளே நடக்கும் உரையாடல் ஒன்பது ஆண்டுகளும் ஒன்றேதான்.

"எப்படி இருக்கீங்க பெரியவரே?"

"நல்லா இருக்கேங்கய்யா."

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேங்கய்யா."

முடிந்தது! ஆறு மணி நேரக் காத்திருப்புக்கு இரண்டு நிமிடப் பேச்சு. இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. சுவீடனில் 22½ நிமிடம். வங்காளதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தையும் 'சரிங்கய்யா' என்ற சொல்லுக்கே கொடுத்துவிட்டு வந்தோம் நாங்கள்.

2013 மார்கழியில் வாய்க்காலில் இறங்கியபோது அப்பாவின் வலது உள்ளங்காலை நத்தை ஓடு கிழித்தது. அவருக்கு அது தெரியவில்லை. நெடுநாள் சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்து, பாதத்தின் உணர்வை அழித்துவிட்டிருந்தது. நோவு தெரியாத புண் நாளுக்கு நாள் ஆழமாயிற்று. புண்ணைப் பார்த்தபின் மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணி சுற்றிக்கொண்டார். அந்தக் காலோடு இரண்டு முறை அதே மருத்துவரிடம் போனோம். இரண்டு முறையும் "எப்படி இருக்கீங்க?" என்றார் அவர். "நல்லா இருக்கேங்கய்யா" என்றார் இவர். மருத்துவர் பாதத்தைப் பார்க்கவில்லை, அப்பா காட்டவில்லை. பக்கத்தில் நின்றிருந்த நான், படித்தவன், பத்துப் பேருக்குப் பாடம் சொல்பவன், என்ன செய்தேன்? பேருந்துக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

தை பிறந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. வீட்டில் நாற்றம் எழுந்தது. தஞ்சையில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். அங்கிருந்த இளம் அறுவை மருத்துவர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பதினைஞ்சு நாளைக்கு முன்னாடி காட்டியிருந்தா விரலோட போயிருக்கும்" என்றார். காலை எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது.

மயக்கம் தெளிந்த மூன்றாம் நாள் கேட்டேன்: "ரெண்டு தடவை போனோமே, ஏம்ப்பா காலைக் காட்டல?"

அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பெரிய மனுசர் முன்னாடி காலை நீட்டுறதாப்பா?" என்றார்.

தோழர்களே! தாள் விட்டுவிட்ட மிச்ச உண்மை இதுதான். என் தந்தையாரின் காலைத் தின்றது சர்க்கரை மட்டுமன்று. சேற்றில் இறங்கி நின்ற அந்தப் பழக்கமும் சேர்ந்து தின்றது. சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது உடம்பை விட்டுப் போகவில்லை.

மருத்துவர் மீது பிழை இல்லையா? உண்டு. சர்க்கரை நோயாளியின் பாதத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற நெறி. ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட அது நடக்கவில்லை. ஆனால், "ஐயா, காலில் ஒரு புண்" என்ற நான்கு சொல்லை நாங்களும் சொல்லவில்லையே! சொல்லியிருந்தால் அவர் பார்த்திருப்பார். மருத்துவம் படித்தவருக்கு நோயைத் தெரியும். நோயாளியின் உடம்புக்குள் நேற்று இரவு என்ன நடந்தது என்பது நோயாளிக்கு மட்டுமே தெரியும். இரண்டு அறிவும் சந்தித்தால்தான் மருத்துவம். ஒன்று பேச, மற்றொன்று வாய்பொத்தி நின்றால், அதற்குப் பெயர் மருத்துவமன்று, குருட்டுச் சீட்டு!

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். விரல்கள் ஏன் உதிர்கின்றன? நோய் சதையை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவர் நம்பவில்லை, ஏன் என்று கேட்டார், கூர்ந்து பார்த்தார். நோவு அறியும் ஆற்றல் போய்விட்டதால், சுட்டாலும் வெட்டுப்பட்டாலும் தெரியாமல் நோயாளிகள் மீண்டும் மீண்டும் காயப்படுவதே பெருங்காரணம் என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவில் அந்த அறிவு சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் பயன்பட்டது. நோவு பகையன்று, அது உடம்பு எழுப்பும் குரல். அந்தக் குரல் அடங்கிவிட்ட காலுக்கு, கண்தான் காவல், வாய்தான் துணை. நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கண்டதைச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கால் போனபின் நான் திருந்திவிட்டதாக எண்ணினேன். 2016இல் என் தாயாருக்கு வயிற்றுவலி வந்தது. இம்முறை நான் வாய்பொத்தி நிற்கவில்லை. நன்றாகப் பேசினேன். மிக நன்றாகப் பேசினேன்! அம்மாவை ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு ஒரு மாசமா வலி, பசி இல்லை" என்று நானே எல்லாம் சொன்னேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் கல் இருக்கிறது, இரண்டு நாளில் அறுவை செய்யலாம் என்றார்கள். "இப்போதே அறுக்க வேண்டுமா? அறுக்காவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா?" என்று கேட்டேன். "டாக்டர் நீங்களா, நானா?" என்ற விடை வந்தது. "ஐயா, மருத்துவர் நீங்கள்தான். வயிறு எங்கள் வீட்டு வயிறு" என்று சொல்லி, வேறொரு மருத்துவரிடம் காட்டத் தாள்களைக் கேட்டேன். படத்தையும் தாளையும் வெளியே தரும் வழக்கமில்லை என்றார்கள்.

வழக்கம் இல்லையா? விதி இருக்கிறதே! இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன. அதை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். குரலை உயர்த்தவில்லை, கையை ஓங்கவில்லை. மறுநாள் தாள்கள் வந்தன.

அவற்றை எடுத்துக்கொண்டு தஞ்சைக்குப் போனோம். அங்கேயும் நானே தொடங்கினேன். "எங்கம்மாவுக்கு..." என்று வாயெடுத்ததும், அம்மா என் கையைப் பிடித்தார். "வயிறு என்னுது தம்பி. என்னைப் பேச விடு" என்றார்.

சுரீரென்றது எனக்கு. மிராசுதாரர் பேச, பண்ணையாள் வாய்பொத்தி நின்றது கொடுமை என்று மேடையில் முழங்குகிறவன் நான். என் தாயார் வயிற்றுக்கு நான் மிராசுதாரனாகிவிட்டிருந்தேன்!

அம்மா பேசினார். வலி எப்போது வருகிறது, எங்கே தொடங்குகிறது, எதைத் தின்றால் கூடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். நடவுக்குக் குனிந்து குனிந்து மூட்டுவலி தாங்காமல், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, ஐந்து மாதமாக நாள்தோறும் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தாராம். செலவை நினைத்து என்னிடம் மறைத்திருக்கிறார். அந்த மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கியிருக்கும்மா. முதல்ல அதை நிறுத்துங்க. கல் இருக்கட்டும், இந்த வலிக்குக் காரணம் அது இல்லைன்னு தோணுது. காய்ச்சல், வாந்தி, வலப்பக்கம் கடுமையான வலி, கண் மஞ்சளாகிறது, இதுல எது வந்தாலும் உடனே வாங்க" என்றார். மாத்திரையை நிறுத்தி, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து உண்டதும் சில வாரத்தில் வலி நின்றது. அறுவை தேவைப்படவில்லை. கத்தியைத் தடுத்தது என் சட்ட அறிவன்று. என் தாயாரின் நாவு!

நோயாளியின் நாவுக்கு இருக்கும் உரிமையை உச்சநீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. தில்லியில் ஒரு பெண் நோயைக் கண்டறியும் சோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 2008இல் தீர்ப்பு வந்தது. சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் அறுவைக்குக் கொடுத்த ஒப்புதலாகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த, அறிவுத்தெளிவுள்ள ஒருவருக்காகத் தாயும் ஒப்புதல் தர முடியாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத உரிமை மகனுக்கு ஏது? கணவனுக்கு ஏது?

தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளின் உரிமைகளைப் பதினேழாக வகுத்துத் தயாரித்த உரிமைச் சாசன வரைவு 2018இல் வெளிவந்தது. நோயைப் பற்றி அறியும் உரிமை, பதிவுகளைப் பெறும் உரிமை, இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் உள்ளன. நோயாளியின் கடமைகளும் உள்ளன. தன் உடல்நிலையை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது அவற்றில் ஒன்று. பேசுவது உரிமை மட்டுமன்று, கடமையும்கூட!

பட்டபின் கற்றதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. மருத்துவரிடம் போகும் முந்தின இரவு, சொல்ல வேண்டியதை எழுதிக்கொள்வோம். அதிகம் வேண்டாம், மூன்றே போதும்; மிக முதன்மையானது முதலில். இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்றால், முதல் அரை நிமிடம் நம்முடையதாக இருக்கட்டும். உண்ணும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்தும் கடை மாத்திரையும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போவோம். மருத்துவர் சொன்னதை, "இதைக் காலையில் சாப்பாட்டுக்கு முன், இதை இரவில், சரிதானா ஐயா?" என்று திருப்பிச் சொல்லிக் காட்டுவோம். மீண்டும் வரச் சொன்ன நாள் நடவு நாளாக இருந்தால், சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு வராமல் இருந்துவிடுவதில்லை. "அன்றைக்குக் கூலி போய்விடும், நான்கு நாள் தள்ளி வரலாமா? தள்ளினால் கெடுதல் உண்டா?" என்று அங்கேயே கேட்டுவிடுவோம். படித்த ஒருவர் உடன் போகலாம். ஆனால் அவர் பேசப் போகவில்லை, எழுதிக்கொள்ளப் போகிறார்!

எழுதி வைப்பது புதிய வழக்கமன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசராக இருந்த இரண்டாம் சரபோசியின் காலத்தில், கண் நோயாளிகளின் நிலையும் செய்த மருத்துவமும் கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதி வைக்கப்பட்டன. சரசுவதி மகால் நூலகத்தில் அவை இன்றும் உள்ளன. அன்று அரசன் அரண்மனையில் வைத்திருந்த குறிப்பை, இன்று குடிமகன் தன் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

தஞ்சையில் ராசா மிராசுதார் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. அரசரும் மிராசுதாரர்களும் நன்கொடை தந்து எழுப்பியது என்பதை அதன் பெயரே சொல்கிறது. இன்று அது அரசின் மருத்துவமனை. தாய்மாரும் சேய்களும் அங்கே நலம் பெற்று வருகிறார்கள். பெயர் பழையதாக இருக்கட்டும்; அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நம் மக்கள் எந்த அரசு மருத்துவமனையிலும் மிராசுதாரர் கொடுத்த தருமத்தை வாங்கவந்தவர்களைப் போல நிற்கிறார்களே, அதுதான் கெடுதல்! தீப்பெட்டி வாங்கும் கிழவியும் வரி செலுத்துகிறாள். அந்தக் கட்டிலும் ஊசியும் அவளுடையவை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. கேள்வி வாயிலுக்கு வர வேண்டாமா?

கேள் என்றால் மோது என்று பொருளன்று. மருத்துவரைத் தெய்வமாக்குவதும் தவறு, தாக்குவதும் தவறு. அவரும் நம்மைப்போல் களைப்புறும் மனிதர்; காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்தவர். கைப்பேசியில் வந்த கட்டுக்கதையை நம்பி அவருடைய மருந்தை எறிவதும் பகுத்தறிவாகாது. 'ஏன்' என்று அவரைக் கேட்கும் நாம், கைப்பேசிச் செய்தியையும் அதே 'ஏன்' கொண்டுதான் கேட்க வேண்டும்.

இளைய தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. ஞாயிறுதோறும் படிப்பகத்தில் நாளிதழ் படிக்கிறீர்கள். அன்று ஒரு மணி நேரம், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் மருந்துச் சீட்டுகளோடு வந்து உட்காரட்டும். படித்துக் காட்டுங்கள். நோட்டுப் போட்டுக் கொடுங்கள். அவர்கள் கேட்க விரும்புவதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள்.

அப்பா கால் போனபின் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார், 2019இல் மறைந்தார். அந்த ஐந்து ஆண்டும் அரசு மருத்துவமனையில்தான் காட்டினோம். முதல் முறை போனபோது, பழக்கம்போல் துண்டு இடுப்புக்கு இறங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ, மருத்துவர் "எப்படி இருக்கீங்க பெரியவரே?" என்று தொடங்கியபோது, அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். மிஞ்சியிருந்த இடக்காலை இரு கையாலும் தூக்கி, எதிரே இருந்த முக்காலி மேல் வைத்தார்.

"ஐயா, முதல்ல இதைப் பாருங்க" என்றார்.

மருத்துவர் குனிந்து பார்த்தார். அந்தக் கால், அப்பா இறக்கும் வரையில் இருந்தது.